செக்ரோலில் பெயர் இருந்தால் போதுமா? மரபணு வெளிப்பாடும் புற்றுநோயும்

யாருக்காவது புற்றுநோய் என்று செய்தி வந்தால், நம் மலையகத் தோட்ட லயங்களில் முதலில் எழும் கேள்வி "அவங்க அம்மாவுக்கும் இருந்திச்சா?" என்பதுதான். இருந்தது என்றால் "அப்ப ஜீன்ல வந்தது" என்று பேச்சு முடிந்துவிடும். இல்லை என்றால் தண்ணீர், மருந்தடிப்பு, செய்வினை என்று ஆளுக்கொரு காரணம். ஜீன் என்ற சொல் இப்போது தலையெழுத்துக்கு மறுபெயர் மாதிரி ஆகிவிட்டது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. புற்றுநோய் மரபணுக்களின் கோளாறால்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோளாறு பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை. வாழும் காலத்தில், உடம்பின் ஏதோ ஒரு மூலையில் உண்டாகிறது. நூறு புற்றுநோயில் ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரையாக வந்த மரபணுக் கோளாறால் வருபவை. இன்னொன்றும் உண்டு: ஒரு மரபணு உடம்பில் இருப்பது ஒரு சங்கதி, அது வேலை செய்வது வேறு சங்கதி. இந்த இரண்டாவதுக்குத்தான் மரபணு வெளிப்பாடு என்று பெயர். புற்றுநோய் ஆராய்ச்சியில் பெரும் பகுதி இன்று இதைச் சுற்றித்தான் நடக்கிறது. நம் ஆட்களின் கையில் இருக்கும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டிலும் இது இருக்கிறது, யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பெரட்டில் கூப்பிடும் பெயர்

தோட்டத்தில் எல்லார் பெயரும் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் இருக்கும். அதற்காக எல்லாரும் எல்லா நாளும் எல்லா வேலையும் செய்வதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் மருந்தடிக்க என்று பிரிப்பார்கள். சிலருக்கு அன்று பெயரே கூப்பிடமாட்டார்கள். செக்ரோல் மாறவில்லை, அன்றைய வேலைதான் மாறியது.

உடம்பிலும் இப்படித்தான். உடம்பைக் கட்டியிருக்கும் மிகச் சிறிய உயிருள்ள அலகுக்குக் கலம் என்று பெயர். ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரே முழுப் பதிவு இருக்கிறது. அதுதான் டிஎன்ஏ, நான்கே வகை இரசாயன எழுத்துகளால் ஆன நீண்ட இழை. அதில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பகுதிதான் மரபணு. பாடப்புத்தகம் பரம்பரை அலகு என்று சொல்வதும் இதையே. புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் மனிதனுக்குச் சுமார் 20,000. கண்ணில் இருக்கும் கலத்திலும் இன்சுலின் மரபணு உண்டு. அங்கே அதை யாரும் கூப்பிடுவதில்லை. கணையத்தில் சில கலங்களில் மட்டும் அதற்கு ஓயாத வேலை.

இதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை, தேயிலைச் செடியிலேயே பார்க்கலாம். வெட்டுத்தண்டில் வளர்த்த வி.பி. தேயிலை மலை ஒன்றில், ஒரே வகைச் செடிகள் எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ ஒன்றுதான். ஒரே செடியில் வேருக்கும் கொழுந்துக்கும் பூவுக்கும் அதே டிஎன்ஏதான். இருந்தும் வேர் பச்சையாவதில்லை, கொழுந்து மண்ணுக்குள் இறங்குவதில்லை. கவ்வாத்து வெட்டிய பிறகு நடப்பதையும் பாருங்கள். நுனி போனதும், அதுவரை சும்மா கிடந்த மொட்டுகள் கிளம்புகின்றன. கத்தி புது மரபணு எதையும் கொண்டுவரவில்லை. நுனியிலிருந்து வந்துகொண்டிருந்த தடுப்புச் சைகை நின்றது, மொட்டுக்குள் அமர்த்தி வைக்கப்பட்டிருந்த மரபணுக்கள் வேலைக்கு வந்தன. ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை வரண்ட காற்று அடிக்கும்போது தேயிலைக்குத் தனி வாசம் ஏறுவதும் இப்படித்தான். வாட்டத்தைச் சமாளிக்க இலை தன் இரசாயனத்தை மாற்றிக்கொள்கிறது. அந்தச் சீசன் தேயிலை என்ன விலை போகும் என்பது பண்டாரவளைக்காரர்களுக்குத் தெரியும்.

இதுவரை பார்த்ததில் மனதில் வைக்க வேண்டியது: டிஎன்ஏ எல்லாக் கலத்திலும் ஒன்று. எந்த மரபணு, எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கூப்பிடுவது யார், எப்படி?

டிஎன்ஏ கலத்தின் கருவுக்குள் இருக்கும், வெளியே போகாது. ஒரு மரபணுவுக்கு வேலை வந்தால் முதலில் அந்தப் பகுதி மட்டும் நகல் எடுக்கப்படும். அந்த நகலின் பெயர் ஆர்என்ஏ. நகல் கருவை விட்டு வெளியே வந்ததும், அதைப் படித்துக் கலம் ஒரு புரதத்தைச் செய்யும். தசையை இழுப்பது, சாப்பாட்டைக் கரைப்பது, காயத்தை மூடுவது, கலம் இரண்டாகப் பிரிய உத்தரவு கொடுப்பது எல்லாம் புரதங்களின் வேலை. நகல் அதிகம் என்றால் பொதுவாகப் புரதமும் அதிகம். நகலே எடுக்கவில்லை என்றால் அந்த மரபணு இருந்தும் இல்லாதது மாதிரி.

நகல் எடுப்பதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைப் பிரான்ஸ் நாட்டின் பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் 1961இல் விளக்கினார்கள். அவர்கள் பார்த்தது குடலில் வாழும் ஈ.கோலி பக்டீரியாவை. பால் சர்க்கரை கிடைத்தால்தான் அதைக் கரைக்கும் புரதத்தை அந்தக் கிருமி செய்யும், கிடைக்காவிட்டால் செய்யாது. கிருமிக்குக்கூட வீண் செலவு பிடிக்காது! 1965இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதக் கலத்தில் இதற்குப் பல வழிகள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, சில புரதங்கள் டிஎன்ஏயில் மரபணுவின் தொடக்கத்தில் வந்து ஒட்டி, நகல் எடுப்பதைத் தொடங்கிவைக்கும் அல்லது நிறுத்தும். இவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்பார்கள். இரண்டாவது, டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன இரசாயனத் துணுக்கு ஒட்டிக்கொள்வது. மரபணுவின் தொடக்கத்தில் அது நெருக்கமாக ஒட்டினால் அந்த மரபணு மௌனமாகிவிடும், எழுத்து ஒன்றும் மாறியிருக்காது. மூன்றாவது, எடுத்த நகலையே பிடித்துப் பயனற்றதாக்கும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டு. ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவில் இதைக் கண்ட விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கிடைத்தது. கண்டது 1993இல்.

புற்றுநோயில் கெடுவது என்ன?

கலத்தைப் பிரியச் சொல்லும் மரபணுக்கள் உண்டு. பிரியாதே, பழுதைச் சரிபார், சரிவராவிட்டால் செத்துப்போ என்று சொல்லும் மரபணுக்களும் உண்டு. முதல் வகை அளவுக்கு மீறி வேலை செய்து, இரண்டாம் வகை வாயடைத்துப் போனால் கலம் கட்டுப்பாடில்லாமல் பெருகும். ஒரு கோளாறு மட்டும் போதாது, பல சேர வேண்டும். அதனால்தான் பெரும்பாலான புற்றுநோய்கள் வயதான பிறகு வருகின்றன.

டிஎன்ஏயின் எழுத்து மாறுவதை விகாரம் என்பார்கள். டிபி53 என்ற மரபணு செய்யும் புரதத்துக்கு, பழுதான கலத்தை நிறுத்தி வைப்பது வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது. இது எழுத்துப் பிழை. எழுத்து சரியாக இருந்தும் வெளிப்பாடு மட்டும் கெடுவதும் உண்டு. பேர்க்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில், கலத்தைப் பெருகச் சொல்லும் மிக் என்ற மரபணு தன் இடத்திலிருந்து அறுந்து, இன்னொரு நிறமூர்த்தத்தில் (டிஎன்ஏ இழை சுருண்டிருக்கும் கட்டு) போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த இடம் எது? நோய் எதிர்ப்புப் புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கும் இடம். அந்த வகை இரத்தக் கலத்தில் அந்த மரபணுக்கள் ஓயாமல் படிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தினமும் பெயர் கூப்பிடும் பக்கத்தில் தவறுதலாக எழுதப்பட்ட ஆள் மாதிரி, மிக்குக்கும் தினமும் வேலை. இன்னும் சில கட்டிகளில், கலத்தை அடக்கி வைக்கும் நல்ல மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் ஒட்டி அதை மௌனமாக்கிவிடுகிறது. மெத்தில் ஒட்டுவதைக் குறைக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தை எலும்பு மச்சைக் கோளாறு ஒன்றுக்கு 2004 முதல் அமெரிக்காவில் கொடுக்கிறார்கள்.

சரி, பரம்பரை எங்கே வருகிறது? சில குடும்பங்களில் இந்தக் கோளாறுகளில் ஒன்று பிறக்கும்போதே எல்லாக் கலத்திலும் இருக்கும். மார்பகம், சூலகம் இரண்டிலும் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுக் கோளாறு அப்படிப்பட்டது. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் சின்ன வயதில் வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு எல்லாமே பிறந்த பிறகு சேர்ந்தவை. அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை.

வெற்றிலைத் தட்டில் இருந்து தொடங்கும் கதை

இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுவதால் நமக்கு இது இரு பாலாரின் பிரச்சினை. ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்ததைக் காட்டி "பரம்பரை" என்பவர்கள், அந்த மூன்று பேரும் ஒரே வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

"புகையிலை வைக்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது நம்மிடையே ஊறிய நம்பிக்கை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் கூடி ஆராய்ந்து, பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முடிவுசெய்தது. பாக்கு வேலை செய்யும் ஒரு வழி மரபணு வெளிப்பாட்டுக்கு நல்ல உதாரணம்.

பாக்கில் அரிகொலின் என்ற பொருள் இருக்கிறது. வாயின் உட்தோலுக்கு அடியில் நார் செய்யும் கலங்கள் உண்டு, காயம் பட்டால் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் செய்து மூடுவது அவற்றின் வேலை. வருடக்கணக்கில் பாக்கு ஊறும்போது, இந்த வேலைக்கான மரபணுக்கள் காயமே இல்லாமல் கூடுதலாகப் படிக்கப்படுகின்றன. பாக்கில் செம்பும் அதிகம். நார்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைக்கும் நொதியத்துக்கு (இதுவும் ஒரு புரதம்தான்) செம்பு தேவை, அதனால் அதன் வேலையும் கூடுகிறது. பழைய நாரைக் கரைத்து அகற்றும் வேலையோ குறைகிறது. செய்வது கூடி, அகற்றுவது குறைந்தால் நார் சேராமல் என்ன செய்யும்? முதலில் கொச்சிக்காய் பட்டால் வாய் எரியும். அப்புறம் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவிப் பார்த்தால் பட்டை பட்டையாக இறுகியிருக்கும். மூன்று விரல் நெட்டுக்கு நுழைந்த வாயில் இரண்டு, பிறகு ஒன்று. சோற்றுக் கவளத்தை வைக்க முடியாமல் கஞ்சியாகக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இது வாய்நார் இறுக்க நோய். இது புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு இதிலிருந்து புற்றுநோய் கிளம்புகிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்துக்கு மலையகத்திலிருந்து இப்படி இறுகிய வாயோடு போகிறவர்கள் உண்டு.

வெற்றிலையை விட்டால் எல்லாம் பழையபடி வந்துவிடுமா? இறுகிய நார் முழுதாக இளகாது, புற்றுநோய் ஆபத்து குறையும். புகைப்பவர்களின் மூச்சுக்குழாய்க் கலங்களைச் சோதித்தபோதும் இதே பாணிதான் தெரிந்தது. புகையை விட்ட பிறகு பல மரபணுக்களின் வெளிப்பாடு பழைய நிலைக்குத் திரும்புகிறது, சில மரபணுக்கள் வருடக்கணக்காகியும் திரும்புவதில்லை.

சுருக்கமாக: கோளாறு எழுத்திலும் வரலாம், வெளிப்பாட்டிலும் வரலாம். நாம் சாப்பிடுவதும் மெல்லுவதும் புகைப்பதும் இரண்டையும் தொடும்.

ரிப்போர்ட்டில் "பொசிட்டிவ்"

கொரோனா வந்த பிறகு பொசிட்டிவ் என்றால் கெட்டது, நெகட்டிவ் என்றால் நல்லது என்று மனதில் பதிந்துவிட்டது. மார்பகக் கட்டி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டோ ஆங்கிலத்தில். படித்துச் சொல்லக் கிடைப்பது ஏ.எல். படிக்கும் பக்கத்துக் காம்பராப் பிள்ளை. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. நோயாளியின் மொழியில் நாலு வரி எழுதிக் கொடுக்காத முறையைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ரிப்போர்ட் எப்படி வருகிறது? கட்டியிலிருந்து எடுத்த துண்டை மெழுகில் புதைத்துச் சின்னக் கட்டியாக்குவார்கள். சில குடும்பங்கள் கண்டி ஆஸ்பத்திரிக்கும் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் பையில் வைத்துக் கொண்டுபோகும் "பிளாக்" அதுதான். அதைத் தாளைவிட மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் மட்டும் பழுப்பு நிறம் ஏறும் சாயத்தைப் போடுவார்கள். நுணுக்குக்காட்டியில் பழுப்பு தெரிந்தால் அந்த மரபணு இந்தக் கட்டியில் வெளிப்படுகிறது என்று அர்த்தம். ஆக, இது நேராகவே மரபணு வெளிப்பாட்டுச் சோதனை.

ஈஆர் பொசிட்டிவ் என்றால், ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைப் பிடிக்கும் புரதம் அந்தக் கலங்களில் இருக்கிறது. அதை மறிக்கும் டமொக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் பலன் தரும். அதாவது இந்தப் "பொசிட்டிவ்" வைத்தியத்துக்கு ஒரு கதவு. பிஆர் என்பது இன்னொரு ஹோர்மோனுக்கான அதே மாதிரிப் புரதம். ஹெர்2 என்பது கலத்தைப் பெருகச் சொல்லும் புரதம். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதத்தில் இதன் மரபணு இரண்டு பிரதிக்குப் பதில் பல பிரதிகளாகிப் புரதமும் குவிந்துகிடக்கும். சாயம் ஏறிய அளவை 0, 1, 2, 3 என்று போடுவார்கள். 3 என்றால் பொசிட்டிவ். 2 என்றால் முடிவு சொல்ல முடியாது, மரபணுப் பிரதிகளை எண்ணும் இன்னொரு சோதனை வேண்டும். ஹெர்2 கட்டிகள் வேகமானவை என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறிவிட்டது.

மூன்றும் நெகட்டிவ் என்றால் சந்தோஷப்படுவதற்கில்லை. மேலே சொன்ன மருந்துகளுக்குப் பிடிமானம் இல்லை என்று பொருள். வேறு வைத்தியம் உண்டு, அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். கேஐ67 என்று ஒரு சதவீதம் இருந்தால், எத்தனை கலங்கள் அந்த நேரம் பிரியும் வேலையில் இருந்தன என்பதன் கணக்கு அது.

ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில்

சாயம் போடுவது ஒன்றிரண்டு புரதத்துக்குச் சரி. ஆராய்ச்சியாளர்களுக்கு 20,000 மரபணுக்களையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டும். அதற்கு ஆர்என்ஏயை அளக்கிறார்கள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே பிசிஆர், அது வைரசின் ஆர்என்ஏயை டிஎன்ஏ ஆக்கிப் பெருக்கிப் பார்ப்பது. அதே முறையால் நம் மரபணுக்களின் நகல்களையும் அளக்கலாம். நாட்பட்ட மைலோயிட் லியூகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் மாத்திரை எடுப்பவர்களுக்கு இடைக்கிடை எடுக்கும் பிசிஆர் இதுதான். இரண்டு மரபணு தவறாக ஒட்டியதால் உண்டான நகல் இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும்.

1999இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, லியூகேமியா நோயாளிகள் 38 பேரின் எலும்பு மச்சையில் சுமார் 6,800 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து, வெளிப்பாட்டை வைத்தே நோயின் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டியது. நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தெரியும் கட்டிகள் உள்ளே வேறு வேறு நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் இதற்குப் பிறகு வலுத்தது. 2006இல் தொடங்கிய புற்றுநோய் மரபணுத் தொகுப்புத் திட்டம் 33 வகைப் புற்றுநோயில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை அளந்து வைத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனத்தவர். பாக்கு மெல்லும் வாயைப் பற்றி அங்கே அதிகம் தேட முடியாது.

இந்தத் துறைக்கு ஒரு வடுவும் உண்டு. எந்த நோயாளிக்கு எந்த மருந்து பிடிக்கும் என்பதை மரபணு வெளிப்பாட்டை வைத்து முன்கூட்டியே சொல்லலாம் என்று 2006இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. அதை நம்பி நோயாளிகளிடமே சோதனை தொடங்கினார்கள். இரண்டு புள்ளிவிவர வல்லுநர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. செக்ரோலில் ஒரு வரி தள்ளிப் பேர் போட்டால் யாருடைய சம்பளம் யாருக்குப் போகும்? சோதனைகள் நிறுத்தப்பட்டு, 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

"மரபணுவை மாற்றும்" பொடி

முள் சீத்தா இலை, இன்னும் என்னென்னவோ பொடிகள் "புற்றுநோய் ஜீனை ஒவ் செய்யும்" என்று வட்ஸ்அப்பில் வருகின்றன. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த கலங்கள் மேல் எதை ஊற்றினாலும் சில மரபணுக்களின் வெளிப்பாடு மாறத்தான் செய்யும், உப்புத்தண்ணீரை ஊற்றினாலும் மாறும். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, கட்டி சுருங்கியதா என்பதுதான் கேள்வி.

இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் இல்லை என்றும் சொல்ல முடியாது. மேல்நாடுகளில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகை மரபணு வெளிப்பாட்டை உண்மையாகவே மாற்றுகிறது, ஆனால் ஈரலில். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் நொதியத்தின் மரபணுவை அது கூடுதலாக வேலை செய்ய வைக்கிறது. இமாட்டினிப்புடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது உடம்பில் தங்கும் மருந்தின் அளவு சுமார் 30 சதவீதம் குறைந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கியும் மருந்து போதாமல் போகிற நிலை. வீட்டில் கஷாயமோ பொடியோ இலையோ எது எடுத்தாலும், திட்டுவார்கள் என்று மறைக்காமல் அடுத்த கிளினிக்கில் அதன் பெயரையும் அளவையும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கெற்றையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.